எந்த ஊர் என்று கேட்டால் போதாது

எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக் கூட்ட அறையில் ஒரு வரைபடம் தொங்கும். சார்ட் அட்டையில் ஸ்கெட்ச் பேனாவால் வரைந்தது. ஏரிக்கு நீலம், ரோட்டுக்குக் கறுப்பு, துணை சுகாதார நிலையங்களுக்குச் சிவப்பில் கூட்டல் குறி. அளவு எதுவும் சரியாக இருக்காது. பச்சைமலை முழுவதும் ஓர் ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்குள் அடங்கிவிடும். ஆனாலும் எங்காவது காய்ச்சல் என்று தகவல் வந்தால் சுகாதார ஆய்வாளர் அந்த அட்டை முன்னால் போய் நின்றுதான் கொசு ஒழிப்புப் பணியாளர்களான மஸ்தூர்களைப் பிரித்து அனுப்புவார். "வாய்க்கால் தெருவை முடிச்சுட்டு அப்படியே பின்னாடி வழியா காலனிக்கு வந்துடுங்க, அபேட் கையோட எடுத்துக்கங்க" என்பார். அபேட் என்பது கொசுப்புழுவைக் கொல்லும் மருந்து. வாய்க்கால் தெருவுக்குப் பின்னால் காலனி இருக்கிறது என்பது அந்த அட்டைக்குத் தெரியும். என் கம்ப்யூட்டருக்குத் தெரியாது.

நான் அந்த வட்டாரத்தின் சுகாதாரப் புள்ளியியலாளர். ஊர் வாரியாக, வாரம் வாரியாக எண்களைத் திரட்டி மேலே அனுப்புவது என் வேலை. 2017-ல் தமிழ்நாடு முழுக்க டெங்கு பரவியது. அந்த ஆண்டு மாநிலத்தில் 23,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு நோய் உறுதியானது, 65 பேர் இறந்தார்கள். அந்த மழைக்காலத்தில் ராத்திரி பத்து மணிவரை உட்கார்ந்து நோயாளி ஒருவருக்கு ஒரு வரி என்று லைன் லிஸ்ட் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு நாள் ஆய்வாளர் என் அட்டவணையை வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, மூணாம் பக்கத்துல இருக்கற இந்த ஊரும் ஒன்பதாம் பக்கத்துல இருக்கற அந்த ஊரும் எதிர் எதிர்லதான் இருக்கு. நடுவுல ஒரு ரோடு, அவ்வளவுதான். உங்க லிஸ்ட்ல அதுக்கு ஆறு பக்கம் இடைவெளி."

இரண்டும் வெவ்வேறு துணை சுகாதார நிலையங்களில் வரும் ஊர்கள். ஒன்றில் மூன்று பேர், இன்னொன்றில் நான்கு பேர். தனித்தனியே பார்த்தால் யாரும் பதற மாட்டார்கள். ரோட்டில் நின்று பார்த்தால் கூப்பிடு தூரத்துக்குள் ஏழு பேர். அட்டவணை போடுவதில் எனக்கு இருந்த திருப்தி அன்றோடு போயிற்று. வரைபட மென்பொருள் கற்றுக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்தேன்.

கியூ.ஜி.ஐ.எஸ்.-ஐத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் எளிது: காசில்லை. 2002-ல் கேரி ஷெர்மன் என்பவர் தொடங்கி, உலகம் முழுக்கப் பலர் சேர்ந்து வளர்த்துவரும் கட்டற்ற மென்பொருள் அது. உரிமம் வாங்க ஃபைல் போட்டு ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. இரண்டு நாள் பயிற்சி ஒன்றுக்கும் போனேன். அங்கே கொடுத்த கோப்புகளைத் திறந்தால் எல்லாம் அழகாக வந்தன. எல்லைக்கோடு பிசகாமல் பொருந்தியது, அட்டவணை ஒட்டிக்கொண்டது, சிவப்பும் மஞ்சளுமாக வண்ணம் விழுந்தது. சந்தோஷமாகத் திரும்பி வந்து எங்கள் வட்டாரத்துத் தகவலைப் போட்டேன். ஒன்றுகூட வரவில்லை.

பயிற்சியில் தருவது சமைத்துவைத்த தகவல் என்பது அப்போதுதான் புரிந்தது. இதைக் கற்க வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: பயிற்சிக்குப் போகும்போதே உங்கள் ஊர் லைன் லிஸ்டைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு போங்கள். முதல் நாள் மாலையிலேயே அதைத் திறந்து, எங்கே முட்டுகிறது என்று சொல்லித் தருபவரிடம் காட்டிவிடுங்கள். மற்றதை வீட்டில் உட்கார்ந்துகூடக் கற்கலாம்.

எங்களுக்கு முட்டியது ஊர்ப் பெயரில். பழைய ஊர்ப் பட்டியல் யூனிகோடுக்கு முந்தைய வானவில் எழுத்துருவில் தட்டியது. எழுத்துருவை மாற்றினால் ஆங்கில எழுத்தும் குறியுமாகச் சிதறியது. யூனிகோடுக்கு மாற்றிச் சேமித்தேன். மறுபடி திறந்தால் ஊர்ப் பெயர் இருந்த இடத்தில் வரிசையாகக் கேள்விக்குறிகள். வரைபடத் தகவலைச் சேமிக்கும் ஷேப் ஃபைல் என்பது பெயரளவில்தான் ஒரு கோப்பு. உண்மையில் எல்லைக்கு ஒன்று, அட்டவணைக்கு ஒன்று, ஆயத்தொலை முறைக்கு ஒன்று என்று நாலைந்து கோப்புகளின் கட்டு. அதிலுள்ள அட்டவணை டிபேஸ் என்ற பழைய மென்பொருள் காலத்து வடிவம். குறிமுறை யு.டி.எஃப்.-8 என்று சொல்லிச் சேமிக்காவிட்டால் தமிழ் அழிந்துபோகும். பத்தித் தலைப்பும் 10 எழுத்துக்கு மேல் போகக் கூடாது. ஒருமுறை அந்தக் கட்டிலிருந்து ஒரே ஒரு கோப்பை மட்டும் மெயிலில் அனுப்பிவிட்டு, "உங்க மேப் திறக்கலையே" என்று பதில் வந்த பிறகு எல்லாவற்றையும் ஜியோபேக்கேஜ் வடிவத்துக்கு மாற்றினேன். அது நிஜமாகவே ஒற்றைக் கோப்பு, தமிழையும் காப்பாற்றும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் அதிலேயே தொடங்கிவிடலாம்.

எழுத்து சரியான பிறகும் பெயர் சரியாகவில்லை. வடக்கிப்பட்டி என்று ஒரு செவிலியர் எழுதுவார், வடக்குப்பட்டி என்று இன்னொருவர். எல்லைக் கோப்பில் அதே ஊர் ஆங்கிலத்தில் வேறு எழுத்துக்கூட்டலில் இருக்கும். புதூர் என்று எங்கள் வட்டாரத்தில் மட்டும் ஐந்து ஊர்கள். காலனி எத்தனை என்று எண்ணி முடியாது. பெயரை வைத்து அட்டவணையை இணைக்கவே கூடாது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒவ்வொரு வருவாய்க் கிராமத்துக்கும் ஆறிலக்க எண் ஒன்று உண்டு. அந்த எண்ணை நம் பதிவேட்டில் ஒரு பத்தியாகச் சேர்த்துவிட்டு, அதைக் கொண்டுதான் ஜாயின் செய்ய வேண்டும். அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. எக்செல் அதை எண்ணாக வைத்திருக்கும், எல்லைக் கோப்பு எழுத்தாக வைத்திருக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், மென்பொருளுக்கு வேறு வேறு. இணைத்த பத்தி முழுக்க 'நல்', அதாவது வெற்று என்று வந்தால் முதலில் அங்கே போய்ப் பாருங்கள்.

வருவாய்க் கிராமத்துக்கு எண் இருக்கிறது, குக்கிராமத்துக்கு இல்லை. காய்ச்சல் வருவது குக்கிராமத்தில். ஒரு வருவாய்க் கிராமத்துக்குள் ஆறு குக்கிராமங்கள் இருக்கும், அதில் இரண்டு ஒரு செவிலியருக்கும் நான்கு இன்னொருவருக்கும் போயிருக்கும். வருவாய்த் துறை, ஊராட்சி, சுகாதாரத் துறை மூன்றும் ஒரே மண்ணை மூன்று விதமாகப் பிரித்து வைத்திருக்கின்றன. மாவட்ட அளவிலும் இதே கதைதான். தென்காசிப் பக்கம் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் 2011 எல்லைக் கோப்பைத் திறந்துவிட்டு, "எங்க மாவட்டத்தையே காணோம்" என்று போன் செய்தார். 2011-ல் தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள், இப்போது 38. தென்காசி 2019-ல்தான் திருநெல்வேலியிலிருந்து பிரிந்தது. பழைய கோப்பில் தாலுகாக்களைத் தேர்ந்தெடுத்து, 'டிசால்வ்' கருவியால் ஒன்றாக்கிப் புது எல்லையைக் கட்ட வேண்டியிருந்தது. கோப்பு எந்த ஆண்டு எல்லையைச் சொல்கிறது என்பதைக் கோப்பின் பெயரிலேயே எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து நமக்கே மறந்துவிடும்.

குக்கிராமத்துக்கு எல்லை இல்லை என்பதால் புள்ளியாக வைக்கலாம் என்று தீர்மானித்தோம். மஸ்தூர்கள் நோயாளியின் வீட்டு வாசலில் நின்று போனில் அட்சரேகையும் தீர்க்கரேகையும் எடுத்துவர வேண்டும். முதல் வாரம் 40 வீடுகள் வந்தன. ஆசையாக ஏற்றினேன். எங்கள் வட்டாரத்தில் ஒரு புள்ளிகூட இல்லை. மொத்த உலகத்தையும் திரைக்குள் கொண்டுவந்து பார்த்தால், பெரும்பாலானவை வட துருவத்துக்குப் பக்கத்தில் ஸ்வால்பார்ட் தீவுகளின் மேற்குக் கரையோரம் கொத்தாக நின்றன. அட்சரேகை 11, தீர்க்கரேகை 78 என்று இருக்க வேண்டியதை இடம் மாற்றிக் கொடுத்திருக்கிறேன். மென்பொருள் எக்ஸ் என்று கேட்பது தீர்க்கரேகையை. நாம் பேச்சில் அட்சரேகையைத்தான் முதலில் சொல்வோம். மூன்று புள்ளிகள் ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கினி வளைகுடாவில் நின்றன. அவை எண் எழுதாமல் பூஜ்யம் போட்ட வீடுகள். இதற்கு நான் கண்ட வழி, எக்செல்லிலேயே ஒரு காவல் வைப்பது. தமிழ்நாடு அட்சரேகை 8-க்கும் 13.6-க்கும், தீர்க்கரேகை 76-க்கும் 80.4-க்கும் இடையில் அடங்கிவிடும். இதற்கு வெளியே எதைத் தட்டினாலும் அந்தக் கட்டம் சிவப்பாக வேண்டும்.

இரண்டாவது வாரம் வேறு தொல்லை. புள்ளிகள் எங்கள் வட்டாரத்துக்குள் வந்துவிட்டன, ஆனால் கோலப்புள்ளி வைத்ததுபோல் ஒழுங்கான வரிசையில், ஒன்றின் மேல் ஒன்றாக. நான் எக்செல்லில் பார்வைக்கு நன்றாக இருக்கட்டும் என்று தசமத்துக்குப் பின் இரண்டு இலக்கத்தோடு நிறுத்தி, சி.எஸ்.வி.-யாகச் சேமித்திருந்தேன். திரையில் தெரிவது மட்டும்தான் அதில் சேமிக்கப்படும். இரண்டாவது இலக்கம் என்பது தரையில் சுமார் 1.1 கிலோமீட்டர். நான்காவது இலக்கம் 11 மீட்டர், ஐந்தாவது ஒரு மீட்டர் சொச்சம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு வழக்கமாகப் பறப்பதே 400 மீட்டருக்குள். கொசுவைத் தேடிப் போகிறவனுக்கு ஐந்து இலக்கம் வேண்டும். போனை எடுத்த உடனே காட்டும் எண்ணையும் எழுதிவிடக் கூடாது. புளியமரத்தடியில் நின்றால் 40, 50 மீட்டர்கூடத் தள்ளிக் காட்டும். வானம் தெரியும் இடத்தில் அரை நிமிடம் நின்று, பிழை அளவு 10 மீட்டருக்குக் கீழ் இறங்கிய பிறகு எழுதச் சொன்னேன். ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு மஸ்தூர் அண்ணன்தான் இதை எல்லோரையும்விடக் கவனமாகச் செய்தார். "எண்ணு ஆடாம நிக்கற வரைக்கும் நானும் ஆடாம நிப்பேன் சார்" என்பார்.

அந்த 400 மீட்டரை வரைபடத்தில் வட்டமாகப் போட 'பஃபர்' கருவி இருக்கிறது. 400 என்று தட்டினேன், திரை முழுக்க ஒரே நிறமானது. தகவல் பாகையில் இருக்கும்போது 400 என்றால் 400 பாகை. பூமியைச் சுற்றினாலே 360 பாகைதான். தூரம் அளக்க வேண்டுமென்றால் முதலில் லேயரை, அதாவது அந்தத் தகவல் அடுக்கை, மீட்டர் கணக்கிலுள்ள ஆயத்தொலை முறைக்கு மாற்றிச் சேமிக்க வேண்டும். நமக்குப் பொருந்துவது, பூமியை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் யு.டி.எம். முறை. 78 பாகைக் கோடு தமிழ்நாட்டைக் கிழக்கு மேற்காகப் பிரிக்கிறது. சென்னை, திருச்சி, மதுரை, சேலம் எல்லாம் 44-ஆம் மண்டலம், மென்பொருளில் 32644 என்று தேட வேண்டும். கோவை, தேனி, திருநெல்வேலி 43-ஆம் மண்டலம், அதற்கு 32643. இந்த ஒன்று புரிய எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. யாராவது ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தால் மூன்று நிமிடத்தில் முடிந்திருக்கும். அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

அந்த மழைக்காலத்தில் முதல் முழு வரைபடத்தைக் கூட்டத்தில் வைத்தேன். ஊர்களுக்கு நோயாளி எண்ணிக்கைப்படி வண்ணம். பெரிய ஊர்கள் எல்லாம் கரும்சிவப்பு. வட்டார மருத்துவ அலுவலர் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "இது டெங்கு மேப்பா, மக்கள்தொகை மேப்பா?" என்று கேட்டார். கேள்வி நியாயமானது. ஆள் அதிகம் இருக்கும் ஊரில் நோயாளியும் அதிகம் இருப்பார்கள். ஆயிரம் பேருக்கு எத்தனை என்று விகிதமாக மாற்றினேன். இப்போது எதிர்ப்பக்கம் சாய்ந்தது. 400 பேர் வாழும் ஒரு குக்கிராமத்தில் இரண்டு பேருக்கு வந்தால் ஆயிரத்துக்கு 5. 40,000 பேர் இருக்கும் டவுனில் 60 பேருக்கு வந்தால் ஆயிரத்துக்கு 1.5. வரைபடத்தில் சின்ன ஊர் எரியும், டவுன் வெளுத்திருக்கும். ஆட்களை எங்கே அனுப்புவது? அதன் பிறகு விகிதத்தை வண்ணத்திலும் எண்ணிக்கையை அதன் மேல் ஒரு வட்டத்தின் அளவிலும் காட்டத் தொடங்கினேன். இரண்டும் சேர்ந்துதான் பேச வேண்டும். வகுக்கும் மக்கள்தொகைக்கு 2011 கணக்கை நம்பவில்லை. செவிலியர்கள் வீடு வீடாகப் போய் எழுதும் குடும்பப் பதிவேட்டு எண்ணையே எடுத்துக்கொண்டேன்.

வண்ண இடைவெளிகளையும் மென்பொருள் கையில் விட்டுவிடக் கூடாது. சம இடைவெளி, குவான்டைல், நேச்சுரல் பிரேக்ஸ் என்று மூன்று வழி காட்டும். ஒரே தகவல் மூன்று வழியில் மூன்று கதை சொல்லும். அதைவிட மோசம், ஒவ்வொரு வாரமும் எல்லைகளை அது புதிதாகக் கணக்கிடும். போன வாரம் சிவப்பு என்றால் 8 பேர், இந்த வாரம் சிவப்பு என்றால் 3 பேர் என்று ஆகும். நோய் குறைந்திருக்கும், வரைபடம் அதே சிவப்பில் நிற்கும். பருவம் தொடங்கும் முன் எல்லைகளைக் கையால் எழுதி, ஸ்டைல் கோப்பாகச் சேமித்து, பருவம் முடியும்வரை அதைத் தொடாமல் வைத்திருக்கிறேன்.

வெள்ளை நிறம் பற்றியும் சொல்ல வேண்டும். மலைமேல் இருக்கும் குடியிருப்புகள் என் வரைபடத்தில் வாரா வாரம் வெள்ளையாகவே இருந்தன. நல்ல காற்று, நல்ல தண்ணீர் என்று நானும் நினைத்துக்கொண்டேன். அந்தப் பக்கம் பார்க்கும் செவிலியர் அக்காதான் மெதுவாகச் சொன்னார்: "அங்கேர்ந்து காய்ச்சலோட கீழ எறங்கி வர்றதுக்கு ஒரு நாள் கூலி போயிடும் தம்பி. கசாயம் வெச்சுக் குடிச்சுட்டுப் படுத்துக்குவாங்க. டெஸ்ட்டுக்கு வந்தாத்தானே பாசிட்டிவ்?" டெங்குவைக் கண்டறியும் எலைசா ரத்தப் பரிசோதனை நடக்கும் ஆஸ்பத்திரியைச் சுற்றிச் சிவப்பு அடர்ந்திருந்ததற்கும் இதுதான் பாதிக் காரணம். பூஜ்யம் வேறு, தகவல் இல்லை என்பது வேறு. அன்றிலிருந்து, அந்த வாரம் ரத்தப் பரிசோதனையே நடக்காத ஊருக்கு வெள்ளை போடுவதில்லை. சாம்பல் கோடு இழுத்து வைக்கிறேன். வரைபடத்தில் அந்தச் சாம்பல் கோடுகளைப் பார்த்துத்தான் மருத்துவ அலுவலர் நடமாடும் மருத்துவ வண்டியின் பயணத் திட்டத்தை மாற்றினார். நான் போட்ட வண்ணங்களிலேயே அதிகம் பயன்பட்டது அந்தச் சாம்பல்தான்.

அதே அக்கா என்னை இன்னொரு தவறிலிருந்தும் காப்பாற்றினார். டெங்குவில் கிடைத்த உற்சாகத்தில் காசநோய் நோயாளிகளின் வீடுகளையும் புள்ளியாக வைத்து, ஏ3 தாளில் கலர் பிரிண்ட் எடுத்துக் கூட்ட அறையில் ஒட்டினேன். பெயர் எதுவும் இல்லை, அதனால் பிரச்சினை இல்லை என்று நம்பினேன். அக்கா அதன் முன்னால் நின்று, தெருமுனையில் இருந்த ஒரு புள்ளியை விரலால் தொட்டார். "இது டீக்கடைக்கு அடுத்த வீடு. போன மாசம்தான் அந்தப் பொண்ணுக்கு நிச்சயம் பண்ணியிருக்காங்க. மாத்திரை குடுக்கக்கூட நான் பின்வாசல் வழியாத்தான் போறேன். இங்க தண்ணி கேன் போட வர்ற பையன் அதே தெரு" என்றார். ஒரு நிமிடத்தில் பெயரில்லாத புள்ளிக்கு முகம், வீடு, கல்யாணம் எல்லாம் வந்துவிட்டன. தாளைக் கிழித்துப் போட்டேன். நோயாளி வீட்டுப் புள்ளிகள் இப்போது என் கணினியில் மட்டும், கடவுச்சொல்லுக்குப் பின்னால். சுவருக்கும் வாட்ஸ்ஆப்புக்கும் போவது அறுகோணக் கட்டங்களாகத் தொகுத்த படம். ஒரு கட்டத்தில் ஐந்து பேருக்குக் குறைவாக இருந்தால் எண்ணைக் காட்டுவதில்லை. டெங்குவுக்குத் தெருப் பெயர் சொல்லலாம், மஸ்தூர் போயாக வேண்டும். காசநோய்க்கும் எச்.ஐ.வி.-க்கும் கூடவே கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

இனி ஒன்பது பிள்ளைகளின் விஷயத்துக்கு வருகிறேன்.

ஐப்பசி மழை நின்ற ஒரு வாரத்தில், பத்து வயதிலிருந்து பதினைந்து வயதுக்குள் ஒன்பது பிள்ளைகளுக்கு டெங்குவுக்கான என்.எஸ்.1 ரத்தப் பரிசோதனையில் பாசிட்டிவ் வந்தது. நான்கு குக்கிராமங்கள். வீடுகளைப் புள்ளி வைத்து, ஒவ்வொன்றையும் சுற்றி 400 மீட்டர் வட்டம் போட்டேன். வட்டங்கள் ஒன்றோடொன்று தொடவே இல்லை. நான்கு ஊரிலும் வீடு வீடாகப் பார்த்தாயிற்று. நூறு வீட்டில் இரண்டு மூன்று வீடுகளில்தான் புழு. "இந்தத் தெருக்கள்ல தொட்டியெல்லாம் சுத்தமா இருக்கு தம்பி. எங்கேர்ந்து வருதுன்னே பிடிபடல" என்றார் ஆய்வாளர். நான் திரையைப் பெரிதாக்கினேன், சிறிதாக்கினேன், புள்ளிகள் அடர்ந்த இடத்தைக் காட்டும் ஹீட்மேப் போட்டேன். மென்பொருளில் எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் செய்துவிட்டேன்.

ஆய்வாளரோடு நானும் வண்டியில் கிளம்பினேன். மூன்றாவது வீட்டில் ஒரு தாய், மகனுக்கு நிலவேம்புக் குடிநீர் ஆற்றிக்கொண்டிருந்தார். பையன் பகலெல்லாம் எங்கே இருப்பான் என்று ஆய்வாளர் கேட்டார். "ஸ்கூல் விட்டதும் டியூஷனுக்குப் போயிடுவான் சார். ஆறரைக்குத்தான் வீட்டுக்கு வருவான்" என்றார். எந்த டியூஷன்? மெயின் ரோட்டில், கட்டிக்கொண்டிருக்கும் மாடி வீட்டுக்குப் பக்கத்தில். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். முதல் வீட்டுப் பெண்பிள்ளைக்கும் அதே டியூஷன். திரும்பிப் போய்க் கேட்காமல் போனிலேயே மற்ற வீடுகளைக் கேட்டோம். ஒன்பதில் ஏழு பேர்.

பக்கத்து வீடு பாதிக் கட்டுமானத்தில் நின்றுபோயிருந்தது. சுவர் நனைக்கத் தண்ணீர் பிடித்து வைத்த சிமெண்ட் தொட்டி, மேலே ஒரு கிழிந்த சாக்கு. ஆய்வாளர் சாக்கை விலக்கி டார்ச் அடித்தார். தெளிந்த தண்ணீர், அடியில் கொஞ்சம் சிமெண்ட் வண்டல். மேற்பரப்பில் தலைகீழாகச் சாய்ந்து தொங்கிய புழுக்கள் வெளிச்சம் பட்டதும் நெளிந்து நெளிந்து அடிக்கு இறங்கின. வெள்ளைக் கிண்ணத்தில் ஒரு முறை மொண்டார். எண்ண முடியவில்லை. ஏடிஸ் பகலில் கடிப்பது, அதிலும் சாயங்காலம் வெளிச்சம் மங்கும் நேரத்தில் அதிகம். டியூஷன் நாலரையிலிருந்து ஆறரை. பிள்ளைகள் அரைக்கால் சட்டையோடும் பாவாடையோடும் தரையில் உட்கார்ந்து படித்திருக்கிறார்கள், தொட்டியிலிருந்து இருபதடி தூரத்தில். மஸ்தூர் அண்ணன் தொட்டியைக் கவிழ்த்து, பிளீச்சிங் போட்டு உள்சுவரைத் தேய்த்தார். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டை சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் உயிரோடு இருக்கும். அடுத்த மழையில் பொரிக்கும். ஏழு பேர் போக மீதி இரண்டு பேரில் ஒருவன் அந்த டியூஷனில் படித்தவளின் தம்பி. இன்னொரு பிள்ளைக்கு எங்கே வந்தது என்று கடைசிவரை தெரியவில்லை.

நோய் வரைபடம் என்றதும் எல்லோரும் சொல்லும் கதை 1854-ல் லண்டன் சோஹோ பகுதியில் ஜான் ஸ்னோ காலராவை வரைந்தது. பிராட் தெரு அடிபம்பைச் சுற்றி மரணங்கள் குவிந்திருந்தன, பம்பின் கைப்பிடியைக் கழற்றினார்கள். பயிற்சியிலும் அதைத்தான் காட்டினார்கள். குவியலில் சேராதவர்களை அவர் எப்படித் துருவினார் என்பதை நான் இந்தப் பிள்ளைகளுக்குப் பிறகுதான் தேடிப் படித்தேன். பம்புக்கு வெகுதூரத்தில் ஹாம்ப்ஸ்டெட்டில் வாழ்ந்த ஒரு விதவைப் பெண்மணி அதே காலராவில் இறந்திருந்தார். விசாரித்தால், பிராட் தெருத் தண்ணீரின் ருசி பிடித்துப்போய்த் தினமும் அங்கிருந்து வரவழைத்துக் குடித்திருக்கிறார். பம்புக்குப் பக்கத்திலேயே 535 பேர் தங்கியிருந்த ஏழைகள் விடுதியில் ஐந்து பேர்தான் இறந்தார்கள். அவர்களுக்குச் சொந்தக் கிணறு இருந்தது. அந்த வரைபடத்தில் இருந்தவை வீட்டு முகவரிகள். தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதை அவர் கதவைத் தட்டித்தான் தெரிந்துகொண்டார்.

எங்கள் லைன் லிஸ்டில் 'ஊர்' என்று ஒரு பத்தி இருந்தது. இப்போது மூன்று: இரவில் தங்கிய இடம், பகலில் இருந்த இடம், கடந்த இரண்டு வாரத்தில் வெளியூர் போன இடம். கடிபட்ட பிறகு காய்ச்சல் வர 4 முதல் 10 நாள் ஆகும் என்பதால் இரண்டு வாரம். திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்த்துக் காய்ச்சலோடு ஊர் திரும்பிய பையனுக்காக இங்கே தெரு முழுக்கப் புகை அடித்திருக்கிறோம். இப்போது அங்கேயும் தகவல் போகிறது. மென்பொருளில் 'ஹப் லைன்' என்று ஒரு கருவி உண்டு. வீட்டையும் பகலிடத்தையும் ஒரு கோட்டால் இணைக்கும். அந்த ஒன்பது பிள்ளைகளுக்கு அதைப் பிறகு போட்டுப் பார்த்தேன். நான்கு ஊரிலிருந்து கிளம்பிய கோடுகள் பனையோலை விசிறியின் காம்புபோல் மெயின் ரோட்டில் ஒரே புள்ளியில் வந்து கூடின.

அக்காவின் கர்ப்பிணிப் பதிவேட்டிலும் இதே மாற்றத்தைச் செய்தோம். புகுந்த வீட்டு முகவரிக்குப் புள்ளி வைத்து, ஆபத்துக்குரிய கர்ப்பிணிகளுக்கு 108 வண்டி வந்து சேரும் நேரத்தைக் கணக்கிட்டிருந்தேன். அவர் பார்த்ததும் தலையசைத்தார். "வளைகாப்பு முடிஞ்சா எல்லாரும் அம்மா வீட்டுக்குப் போயிடுவாங்க தம்பி. நீங்க வண்டி அனுப்பற வீட்டுல மாமியார் மட்டும்தான் இருப்பாங்க." எட்டாம் மாதத்திலிருந்து தாய்வீட்டுப் புள்ளி தனியாக ஏறுகிறது. வட்டாரம் தாண்டிய தாய்வீடு என்றால் அந்த ஊர்ச் செவிலியருக்குப் போன்.

மலைக் குடியிருப்புகளின் எல்லை இன்னும் முடியவில்லை. கோப்பில் மொத்தமும் ஒரே பச்சைத் துண்டாகத்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவும் மஸ்தூர் அண்ணனும் நானும் மேலே போகிறோம். ஊர்ப் பெரியவர் ஒருவர் முன்னால் நடந்து, "இந்தப் பலா மரம் வரைக்கும் எங்க ஊர்" என்று காட்டுவார். நான் போனில் புள்ளி வைத்துக்கொண்டே பின்னால் போவேன். அண்ணன் எண் ஆடாமல் நிற்கும்வரை நின்று சரிபார்ப்பார். வரைந்து கொண்டுவந்த எல்லையை அச்செடுத்து மறுமுறை போகும்போது அவர்களிடமே காட்டித் திருத்துகிறோம். போன முறை ஒரு பாட்டி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சுனை இருக்கும் இடம் விட்டுப்போனதைச் சொன்னார். அவர்கள் குடிக்கும் தண்ணீர் அதிலிருந்துதான். இன்னும் நான்கு குடியிருப்புகள் பாக்கி. சுனைகளுக்குத் தனி லேயர் திறந்திருக்கிறேன்.